பயந்த சுபாவம் உடையவர்கள்

பயந்தவனாகத் தெரிய வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை, தோளைத் தளர்த்து, கழுத்தை உள்ளே இழு, பார்வையைத் தரையில் போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், சிக்கல் என்னவென்றால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது, உண்மையான பயம் பார்வைக்குப் பயம் மாதிரி இருப்பதில்லை, முதுகு நிமிர்ந்துகொள்கிறது, தாடை இறுகிவிடுகிறது, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்து எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடியில் பார்த்தால் பொன்னாடைக்குக் காத்திருக்கும் சிறப்பு விருந்தினர் மாதிரி இருக்கிறேன். இப்படியே உள்ளே போனால் தொலைந்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் குலங்களையும் குடிகளையும் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிய அந்தப் பெரிய புத்தகத்தில் எங்களைப் பற்றி என்ன போட்டிருக்கிறது? ‘இருளர் பயந்த சுபாவம் உடையவர்கள். அந்நியரை நிமிர்ந்து நோக்கார். வினவியதற்கு மெல்லிய குரலில், முன்னுக்குப்பின் முரணாக விடை பகர்வர்.’ மெல்லிய குரல் எனக்குத் தொழில்முறையாகவே உண்டு, மாவட்ட மைய நூலகத்தின் நூலகருக்கு வேறு குரல் அமையாது. நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதும் கஷ்டமில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் யாரை நிமிர்ந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஆனால் முன்னுக்குப்பின் முரண்? பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்ணும் உள்ளே வேறொரு பக்க எண்ணும் இருந்தால் சாப்பாடு இறங்காத ஆளிடம் போய் முரணாகப் பேசு என்றால் எப்படி? ராத்திரி என் மனைவி பவுனம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். “உங்க தொழில் என்ன?” என்று கேட்கச் சொன்னேன், கேட்டாள், நான் தயங்கித் தயங்கி, “காட்டுல தேன்… இல்ல… கிழங்கு…” என்றேன், அவள் விழுந்து விழுந்து சிரித்து, “கெயங்கா? நீயா? மார்க்கெட்ல சேனைக்கும் கருணைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு,” என்று சொல்லிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டூட்டிக்குப் போய்விட்டாள். செவிலியர்களுக்கு இரக்கம் அதிகம் என்றும் ஏதோ ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இத்தனை கூத்தும் எதற்காக என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உருண்டை கடித்துக்கொண்டிருக்கும் என் மகள் நித்திலாவுக்காக. கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பழங்குடிச் சான்றிதழைக் காட்டவில்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போகும். என்னுடைய சான்றிதழைக் காட்டலாமே என்றால் அது அந்தக் காலத்தில் தாசில்தார் கொடுத்தது, இப்போது அதற்கு மதிப்பில்லை, புதிதாக விசாரிக்க வேண்டுமாம். கிராம நிர்வாக அலுவலர் வந்து போனார், வருவாய் ஆய்வாளர் வந்து போனார், எங்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு காபியும் குடித்துவிட்டுப் போனார்கள். மிச்சம் இருப்பது கோட்டாட்சியரின் நேர்விசாரணை, அதாவது எங்கள் பழக்கவழக்கம் இருளர் பழக்கவழக்கம்தானா என்று பார்ப்பது. இருளர் பழக்கவழக்கம் என்னவென்று கோட்டாட்சியருக்கு எப்படித் தெரியும்? பெரிய புத்தகத்தைப் பார்த்துத்தான். போன மாதம் எங்கள் பக்கத்துக் குடியிருப்பு நாகப்பன் தன் மகனுக்காக இங்கே வந்தான், ஸ்கூட்டரில் வந்தான், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கணீரென்று பதில் சொன்னான், ‘இனத்துக்குரிய கூறுகள் காணப்படவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பேருந்தில் வந்திருக்கிறேன். சட்டையை இஸ்திரி போடவில்லை. பேனாவைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், சட்டைப்பை காலியாக இருப்பது பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது, விரல் அங்கேயே போகிறது.

“யப்பா, ஏன் இப்படி உக்காந்திருக்க?” என்கிறாள் நித்திலா. “பயந்த மாதிரி இருக்கேன்” என்கிறேன். அவள் தலையைச் சாய்த்து ஒரு கன்றுக்குட்டியைப் பரிசோதிப்பது போல் என்னைப் பார்க்கிறாள். “பயந்த மாதிரி இல்ல. ரெண்டுக்கு வந்து அடக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு.” இதில் ஒரு சரித்திர உண்மை இருக்கக்கூடும் என்று உடனே எனக்குத் தோன்றுகிறது, தோன்றிவிட்டால் நிறுத்த முடியாது, ஏனென்றால் ‘பயந்த சுபாவம்’ என்ற அந்த முதல் வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதை நான் நெடுநாளாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். பெரிய புத்தகம் அதை இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்தது, அது அதற்கு முந்தைய ஒரு மாவட்டக் குறிப்பிலிருந்து, அந்தக் குறிப்பு ஒரு துரையின் பயணக் குறிப்பிலிருந்து. துரை குதிரையில் வந்தார், விடியற்காலை, புதர்க்காடு, தூரத்தில் ஒரு ஆள் ஓடினான். அவ்வளவுதான் துரை பார்த்தது. ஒரு ஆள், ஒரு ஓட்டம். விடியற்காலையில் புதர்ப் பக்கம் வேகமாகப் போகிற மனிதனுக்கு ஆயிரம் காரணம் தேவையில்லை, ஒரு காரணம் போதும், அதை உலகத்தில் எல்லா இனத்தாரும் அறிவார்கள், துரையும் அறிந்திருப்பார், ஆனால் எழுதும்போது மறந்துவிட்டார். ‘என்னைக் கண்டதும் ஓடினான்’ என்று எழுதினார். அடுத்தவர் அதை ‘கண்டதும் ஓடுவர்’ என்று பன்மையாக்கினார். அதற்கடுத்தவர் ‘பயந்த சுபாவம்’ என்று காரணம் கற்பித்தார். பெரிய புத்தகம் ‘நாகரிகத்தைத் தாங்கும் ஆற்றல் அற்றவர்’ என்று முடிவு கட்டியது. அதைத் தமிழில் பெயர்த்தவர் ‘கண்ணீர் மல்கும் கண்களையுடைய’ என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார், மூலத்தில் அது இல்லை, நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு போட்டித் தேர்வு கைடுகளில் அது ஒரு மதிப்பெண் வினாவாகிவிட்டது, கோடிட்ட இடத்தை நிரப்புக. எங்கள் நூலகத்திலேயே ஒரு பையன் அதை உரக்கப் படித்து மனப்பாடம் செய்தான், “இருளர் டேஷ் சுபாவம் உடையவர்கள்,” நான் பக்கத்து அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன், சத்தம் போட்டுப் படிக்கக்கூடாது என்று அவனை அதட்டினேன், அவன் பயந்துவிட்டான். போன வாரம் நித்திலாவின் கைபேசியில் கேட்டுப் பார்த்தேன், அது ஒரு விமானப் பணிப்பெண்ணின் குரலில் அதே வாக்கியத்தைக் கனிவோடு சொல்லியது. குதிரை போய்விட்டது, துரை போய்விட்டார், சாம்ராஜ்யமே மூட்டை கட்டிவிட்டது, என் முப்பாட்டன் மட்டும் அந்தப் புதரை இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த ஆள் என் முப்பாட்டன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆதாரம் இல்லை. அவர்களுக்கு மட்டும் இருந்ததா?

சிரிக்கக் கூடாது. சிரித்தால் பயம் கலைந்துவிடும். டவாலி போட்ட பியூன் ஒருவர் கதவருகில் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் முகத்தில் என்ன தேடுகிறார் என்று தெரியும், எல்லோரும் தேடுவதுதான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பல வருஷம் பழகிய பிறகு ஒருநாள் விஷயம் தெரிந்து, “சார், உங்களப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார், பாராட்டுகிறாராம். தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டுத் தோட்டத்தில் பாம்பு வந்தால் எனக்குத்தான் போன். எனக்குப் பாம்பு என்றால் நடுக்கம். பல்லிக்கே நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். “சார், பாம்பு பிடிக்கிறது உங்க ரத்தத்துலயே இருக்கும் சார், சும்மா வாங்க.” ரத்தத்தில் சர்க்கரைதான் இருக்கிறது, போன மாதம் பார்த்தேன். சரி, இதையெல்லாம் உள்ளே சொல்லக்கூடாது. சொல்ல முடியாததையெல்லாம் நான் பென்சிலில் எழுதிவிடுவது வழக்கம், அதுவும் எங்கே என்றால் அந்தப் பெரிய புத்தகத்தின் ஓரத்திலேயே. வெளியே எடுத்துப்போக அனுமதியில்லாத நூல்கள் பகுதி, கடைசி அலமாரி, மேல் தட்டு. புத்தகத்தில் எழுதுகிற வாசகர்களுக்கு அபராதம் போடுவது என் வேலை, போட்டும் இருக்கிறேன், கறாராக. ஆனால் மதியம் கூட்டம் குறைந்ததும் அந்தத் தொகுதியை இறக்கி, கூராகச் சீவிய பென்சிலால், எறும்பு அளவு எழுத்தில், அதை எழுதிய துரையோடு வாதம் செய்வேன். அது ஒரு தனி ருசி. மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு வெற்றிலை மாதிரி. அவர் எங்கள் கல்யாணங்களைப் பற்றி ‘சடங்கேதும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார், அந்த இடத்தில் நான் ஓரம் முழுக்க எழுதி, இடம் போதாமல் பக்கத்தைத் திருப்பியும் எழுதினேன், ஏனென்றால் எனக்குக் கல்யாணம் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது. எங்கெங்கிருந்தோ எங்கள் ஆட்கள் வந்து மணலில் சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள், மஞ்சள் சேலை, கத்தரிப்பூச் சேலை, நிலா வெளிச்சத்தில் அந்தக் கரையே துணிக்கொடி கட்டிய ஒரு பெரிய முற்றம் மாதிரி ஆடியது. கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன எங்கள் குலதெய்வம் கன்னியம்மாவைச் சமாதானம் செய்து அழைத்துவர வேண்டும், அதற்குத்தான் அத்தனை கூட்டமும். விடியும்போது ஈர மணலில் படி வைத்துச் சின்னக் கோயில் கட்டி, பூவும் பழமும் வைத்து, அவளுக்கு முன்னால் தாலி. நான் அப்போதே கண்ணாடி போட்டவன், அலை தெறித்து எதுவும் தெரியவில்லை, பவுனம்மா என்று நினைத்து அவள் அத்தையின் கையைப் பிடித்துவிட்டேன். அத்தை, “உடு தம்பி, எனக்கு ஏற்கனவே ஆயிடுச்சு,” என்றாள். கரையே சிரித்தது. கன்னியம்மா கோபம் மறந்து திரும்பி வந்தது அந்தச் சிரிப்புக்குத்தான் என்று பவுனம்மா இன்றைக்கும் சொல்கிறாள். மகிழ்ச்சி இல்லையாம். அழைத்திருந்தால்தானே ஐயா தெரியும்.

“யப்பா, மாமா வர்றாரு. ஐயோ, பாரேன்,” என்று நித்திலா என் தொடையைக் கிள்ளுகிறாள். வராந்தாவின் கோடியில் ஏகாம்பரம், பவுனம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், இஸ்திரி மடிப்பு கலையாத பூப்போட்ட சட்டையும் கருப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. இன்றைக்குச் சாட்சியாக வரச் சொல்லியிருந்தோம். சட்டையே இல்லாமல் வருகிறான். அழுக்கு லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, தோளில் ஒரு கோணிப்பை, தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக் கலைத்திருக்கிறான், காலில் செருப்பில்லை, வெயிலில் சுட்டு இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துக் கோழி மாதிரி வருகிறான். “இன்னா மச்சான் இது?” என்கிறேன். “கம்முனு இரு மாமா. நாகப்பன் பேண்ட்டு போட்டுக்கினு வந்துதான் கெட்டான். நீ சொன்ன புக்குல இன்னா போட்டுக்குதோ அப்படியே வந்துக்கிறேன். என் மருமவ சீட்டு இது, வெளாட்டா?” நித்திலா அவன் கையைப் பார்க்கிறாள். “மாமா, அது இன்னா, ஸ்மார்ட் வாட்ச்?” “அய்ய!” அவசரமாகக் கழற்றிக் கோணிப்பைக்குள் போடுகிறான். “புஜத்துல டாட்டூ?” ஓர் இதயம், அதைத் துளைத்து ஓர் அம்பு, கல்யாணத்துக்கு முந்தைய விவகாரம். ஏகாம்பரம் ஒரு கணம்தான் யோசித்தான். “அம்பு இருக்குதுல்ல? வேட்டைனு சொல்லிக்கலாம்.” டவாலிக்காரர் எழுந்து வந்துவிட்டார். “யாருப்பா நீ, இன்னா வேணும்?” என்று அவர் அதட்டியதும் ஏகாம்பரத்தின் முகத்தில் ஒன்று அணைந்தது, வேஷத்துக்காக அல்ல. எனக்கு அது தெரியும். ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போனாலும், ஒரு சங்கிலி அறுபட்டாலும் போலீஸ்காரர்கள் முதலில் இவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், ஒருமுறை பிள்ளையின் பிறந்தநாள் கேக் மேசையில் இருக்கும்போதே அழைத்துப்போய் மறுநாள் விட்டார்கள், திருடன் வேறு யாரோ என்று தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருளர் என்றால் திருடர் என்பதும் ஒரு பழைய புத்தகத்தின் வாக்கியம்தான், காக்கி போட்டுக்கொண்டு வருகிறது. “எங்க ஆளுதாங்க, சாட்சி,” என்றேன், எனக்கே கேட்கும் அளவுக்கு உரத்த குரலில், நிமிர்ந்து பார்த்து. உடனே நினைவு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். “கோதண்டம், நித்திலா, உள்ள போங்க,” என்றார் அவர்.

கோட்டாட்சியர் மேகலா சின்னப் பெண். நித்திலாவுக்கு அக்கா மாதிரி இருக்கிறார், களைத்த கண், மேசையில் ஆறிப்போன டீ. “உக்காருங்க சார்.” உட்காருவதா? புத்தகத்தின்படி உட்காரக் கூடாது, ஆனால் சொன்ன பிறகு உட்காராமல் இருப்பது திமிராகத் தெரியுமே, நான் பாதி உட்கார்ந்து பாதி எழுந்து அந்தரத்தில் நிற்க, நித்திலா நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரம் சட்டென்று தரையில் குந்தினான். “ஏங்க, நீங்க ஏன் கீழ உக்காருறீங்க?” “பயக்கம் மேடம்,” என்றான் ஏகாம்பரம், மரத்திலிருந்து இப்போதுதான் இறங்கியவன் குரலில். அந்த நேரம் பார்த்து அவன் கோணிப்பை ஒரு குத்துப்பாட்டு பாடத் தொடங்கியது. எல்லோரும் கோணிப்பையைப் பார்த்தோம். அவன் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான், பாட்டு சற்று மெல்லியதாகத் தொடர்ந்தது. கோட்டாட்சியர் உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பைப் பிரித்தார். அதில் நகலெடுத்த பக்கங்கள். எழுத்துருவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது பெரிய புத்தகத்தின் தமிழ்ப் பெயர்ப்பு, அதுவும் என் பென்சில் பட்ட அதே பிரதி, ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. என் உதவியாளர் எப்போதோ நகலெடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். “நான் சில விஷயம் படிக்கிறேன், உங்களுக்குப் பொருந்துமான்னு சொல்லுங்க. இது மூணாவது தொகுதி…” “ரெண்டாவது,” என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. நித்திலா கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டாட்சியர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, “ஆமா, ரெண்டு,” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார், இனத்துக்குரிய கூறு ஒன்று அங்கேயே உதிர்ந்துபோனது. “‘இருளர் பயந்த சுபாவம் உடையவர்கள்…’” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “இங்க ஓரத்துல யாரோ பொடிசா என்னமோ எழுதியிருக்காங்க. ‘துப்பாக்கியோடு வந்தவர் யார்?’” அரசு ஊழியன் அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினால் என்ன விதி, எந்தப் பிரிவு, எனக்குப் பிரிவு எண்ணோடு ஞாபகம் வந்தது. அவர் விரல் கீழே இறங்கியது. “‘இவர்க்கு எண்ணத் தெரியாது.’ ஓரத்துல, ‘கூலியைக் குறைத்துக் கொடுத்துப் பாரும், தெரியும்.’” ஏகாம்பரம் கீழேயிருந்து, “கரெக்ட்டு!” என்றான். “‘முகத்தில் உணர்ச்சி தோன்றாது.’ ‘உம்மிடம் காட்டவில்லை.’ ‘நீராடுவது அரிது.’ ‘உமது ஊர்க் குளிரில் நீர் எப்படி?’” அவருக்கு இப்போது கேள்வி கேட்பது மறந்துவிட்டது, கதை படிக்கிற வேகத்தில் போகிறார், வாக்கியமும் பதிலும், வாக்கியமும் பதிலும், தோள் குலுங்குகிறது. “யாரு சார் இந்த ஆளு?” நான் தரையைப் பார்த்தேன், இந்த முறை மிக இயல்பாக வந்தது. “எங்கப்பா கையெழுத்து மேடம்,” என்றாள் நித்திலா. “என் ரேங்க் கார்டுல எல்லாம் இப்படித்தான் எறும்பு மாதிரி போடுவாரு.” பெற்ற மகள். “மேடம், அது பென்சில்தான்,” என்றேன். அதற்குள் அவர் கடைசித் தாளுக்குப் போயிருந்தார், அங்கே என்ன எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. “‘இவ்வினத்தார் விரைந்து குறைந்து வருகின்றனர், சிலகாலத்தில் அற்றுப்போவர்.’” இதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது, பதிலைத் தேடினார், தேடிக் கண்டுபிடித்து வாய்க்குள் ஒருமுறை படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார். “‘இன்று காலை எங்களில் ஒருவர் கூடுதல். பெண். மூன்று கிலோ. அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. தங்கள் பதிப்பைத் திருத்திக்கொள்ளவும்.’ கீழ தேதி.” தேதியைப் பார்த்தார். நித்திலாவின் விண்ணப்பத்தைப் புரட்டி, பிறந்த தேதி இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். கோணிப்பைகூட அடங்கிவிட்டது. எனக்கு அந்தக் காலை மொத்தமாகத் திரும்பி வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நூலகத்துக்குப் போனேன், விடுமுறை எடுக்கத்தான் போனேன், ஆனால் யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது, அந்நேரத்துக்கு அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை, அந்தத் துரையிடம்தான் சொன்னேன், மனுஷன் எத்தனை வருஷப் பழக்கம். நித்திலா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தரத்தில் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கிளார்க் கதவருகில் நின்று, “மேடம், பழக்கவழக்கம் கட்டத்துல என்ன போடட்டும்?” என்றார். “விசாரிச்சாச்சு, திருப்தின்னு போடுங்க. சொந்தக்காரங்க விவரமெல்லாம் ஏற்கனவே சரியா இருக்கு. இந்தப் பக்கத்தோட உக்காந்து இத்தனை வருஷம் சண்டை போட இவங்களத் தவிர வேற யாருக்கு வயிறு எரியும்?” பிறகு அந்தத் தாள்களைக் குவித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார், தொடப் பிடிக்காதவர் மாதிரி. “போன மாசம் ஒருத்தர இத வெச்சுத்தான் திருப்பி அனுப்பினேன். தலைக்கவசத்தோட வந்தாரு.” “நாகப்பன்,” என்றேன். “அவர வரச் சொல்லுங்க சார். ஸ்கூட்டர்லயே வரட்டும்.” ஏகாம்பரம் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். “அப்ப நான் சட்டையக் கழட்டுனது வேஸ்ட்டா மேடம்?” என்று மனத்தாங்கலோடு கேட்டான். கோட்டாட்சியர் அதற்குமேல் தாங்கவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

இப்போது அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் இருக்கிறோம். சான்றிதழ் நித்திலாவின் கைபேசிக்கு வந்துவிட்டது, அவள் அதை எங்கள் இருவருக்கும் உரக்கப் படித்தாள், நான் வாங்கி எழுத்து எழுத்தாக இரண்டாம் முறை படித்தேன், தவறு இல்லை, மூன்றாம் முறையும் படித்தேன். பவுனம்மாவுக்குப் போன் போட்டால் அவள் முதலில், “கெயங்கு கேட்டாங்களா?” என்றாள், பிறகு அழுதாள், பிறகு இன்னும் டூட்டி முடியவில்லை, யாருக்கோ ஊசி போட வேண்டும் என்று வைத்துவிட்டாள். ஏகாம்பரம் டீக்கடைக்காரரிடம் ஒரு பழைய பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டு, வந்து போகிறவர்களிடமெல்லாம், “எங்க பாப்பா மாட்டு டாக்டரு,” என்கிறான். “மாடு மட்டும் இல்ல மாமா, யானைகூட.” “யானைக்கு ஊசி எங்கமா போடுவ?” “ஏணி போட்டு.” எனக்கு மனசு பலூன் மாதிரி இருக்கிறது, யாராவது கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நித்திலா சொல்கிறாள், “யப்பா, ஹாஸ்டலுக்கு வாளி நாமதான் வாங்கிட்டுப் போகணுமாம். கொசுவலை. பூட்டு. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்ல, நல்ல வாளியா வாங்கு.” நான் சரி என்கிறேன். வாளி, கொசுவலை, பூட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், சொல்லும்போதுதான் அது மெதுவாக, டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி, அடியில் போய்ப் படிகிறது. இத்தனை மாதமாக அவள் போக முடியாமல் போய்விடுமோ என்றே பயந்துகொண்டிருந்ததில், அவள் போய்விடுவாள் என்பதற்குப் பயப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. காலையில் குளியலறைக்கு யாரோடு சண்டை போடுவது, நான் சொல்லுகிற அடிக்குறிப்புகளை யார் பாதியில் வெட்டுவது, அந்த ஊரில் தண்ணீர் எப்படியோ, பெரிய பெரிய மாடாக இருக்குமோ, உதைக்குமோ, யானை வேறு என்கிறாளே. இதோ, முதுகு தானாகவே வளைகிறது, கழுத்து உள்ளே போகிறது, கண் தரையைத் தேடுகிறது. “இன்னாபா ஆச்சு, மறுபடியும் பயந்த மாதிரி இருக்கியா?” என்கிறாள் அவள், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. இல்லை மகளே, இது வேறு, இது ஊரில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் வருவது, இதைப் பற்றி ஒரு துரையும் ஒரு வரி எழுதவில்லை, அவருக்கும் வந்திருக்கும், பிள்ளையைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டுத் துறைமுகத்தில் நின்று கையசைத்திருப்பார். “கொஞ்சம்,” என்று சொல்கிறேன், இன்னொரு டீ சொல்கிறேன், அவளுக்கும் சேர்த்து, சர்க்கரை தூக்கலாக.